ஆறு மீட்டர், ஆறு கணக்கு: வீட்டுக் கஞ்சாவைக் காயவைக்கும் பெட்டி பற்றி

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக ஆறு ஈரப்பத மீட்டரையும் மேசையில் வரிசையாக வைத்தேன். ஒரே மேசை, ஒரே காற்று. அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் ஒன்று 48 என்கிறது, ஒன்று 54, இன்னொன்று 63. மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கிட்டத்தட்ட சரியாத்தானே இருக்கு மாமா?" என்றார்.

பதினைந்து பாயிண்ட் வித்தியாசம் அவருக்குக் கிட்டத்தட்ட.

நான் முப்பத்தோரு வருஷம் பஞ்சாலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் இருந்தவன். ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும், கூடினால் ரோலரில் சுற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் திட்டு வாங்குவது லேப் ஆள்தான். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தொல்லை விட்டது என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்க ஆரம்பித்தார். அவர்கள் இருக்கும் இடத்தில் பெரியவர்கள் சொந்த உபயோகத்துக்குச் சில செடிகள் வைத்துக்கொள்ளச் சட்டம் விடுகிறது. விடாத இடத்தில் இருப்பவர்களுக்கு இந்த விமர்சனம் உதவாது, முயற்சியும் வேண்டாம். நான் அதைப் புகைப்பதில்லை. எனக்கு இதில் இருக்கும் ஒரே போதை ஈரப்பதம்தான்.

விமர்சனத்துக்கு வருகிறேன். "உலர்த்திப் பதப்படுத்திச் சேமிக்கும் முழுத் தொகுப்பு" என்று விற்கிறார்கள். உள்ளே கூரையில் தொங்கவிடும் ஆறடுக்கு வலை ஒன்று, ஒரு லிட்டர் வாயகன்ற கண்ணாடி ஜாடி ஆறு, ஜாடி மூடிக்குள் ஒட்டிவைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரமானி ஆறு, 62 சதவீதம் என்று அச்சடித்த எட்டு கிராம் ஈரப்பதப் பைகள் பத்து, ஒரு கத்தரி, ஒரு துண்டுப்பிரசுரம். கம்பெனிப் பெயர் எழுதவில்லை. இதே சாமான் நாலைந்து பெயர்களில் கிடைக்கிறது, மேலே ஒட்டும் தாள்தான் வேறு. ஒன்பது மாதமாக, இரண்டு அறுவடைக்கு உபயோகித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் மீட்டர். இதைச் சரிசெய்யாமல் மற்ற எதைப் பற்றிப் பேசியும் பயனில்லை.

சோடா மூடி ஒன்றில் சாதாரணத் தூள் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். ஈர மணல் பதம் வர வேண்டும், கரைந்து தண்ணீராகக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் ஒரே ஜாடிக்குள் வைத்து இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றி இருக்கும் காற்றை 75 சதவீதத்தில் கொண்டுபோய் நிறுத்தும். சாதாரண அறை வெப்பநிலையில் இது அசையாது. நாங்கள் மில்லில் இதே முறையில்தான் பார்ப்போம். மறுநாள் ஆறு மீட்டரும் காட்டியது: 70, 73, 81, 75, 74, 66.

சரியாகச் சொன்னது ஒன்றே ஒன்று. மற்றவற்றின் முதுகில் மார்க்கரால் 'கூட்டு 5', 'கூட்டு 2', 'கழி 6' என்று எழுதி வைத்தேன். 66 காட்டியதை ஒதுக்கிவிட்டேன், அது இப்போது துணி காயவைக்கும் அறையில் சும்மா தொங்குகிறது. மீட்டருக்கு மார்க் போடச் சொன்னால், வாங்கிய நிலையில் பத்துக்கு மூன்று. உப்பு வைத்துத் திருத்திய பிறகு ஏழு. விலை மலிவான இந்தச் சின்ன மீட்டர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது தப்பு. ஆனால் துண்டுப்பிரசுரத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுதான் கோபம்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், இந்த வேலையில் வாழ்வும் சாவும் நடப்பது பத்துப் பாயிண்ட் இடைவெளிக்குள். காய்ந்த கஞ்சாப் பூவுக்கு ஏ.எஸ்.டி.எம். நிறுவனம் டி8197 என்று ஒரு தரநிர்ணயம் வைத்திருக்கிறது. அதில் நீர்ச் செயல்பாடு 0.55-லிருந்து 0.65-க்குள் இருக்க வேண்டும். மூடிய ஜாடிக் கணக்கில் சொன்னால் 55-லிருந்து 65 சதவீத ஈரப்பதம். மேலே போனால் பூஞ்சைக்கு வழி, கீழே போனால் பூ நொறுங்கி வாசனை போய்விடும். ஒன்பது பாயிண்ட் பொய் சொல்லும் மீட்டரை நம்பினால், 71-ல் இருக்கும் ஜாடியை 62 என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம்.

முதல் அறுவடையில் நடந்தது அந்த மாதிரிதான். அப்போது நான் ஊரில் இல்லை, பெட்டி பிரிக்கப்படவும் இல்லை என்று நினைத்திருந்தேன். மீட்டரைத்தான் பிரிக்கவில்லை. வலையையும் ஜாடியையும் பைகளையும் எடுத்து, பிரசுரம் சொன்னபடியே மாப்பிள்ளை செய்திருக்கிறார். "மூன்று முதல் ஐந்து நாட்கள் வலையில் உலர்த்தவும். ஜாடியில் இட்டு, பையைப் போட்டு மூடவும்." அவ்வளவுதான் பிரசுரம்.

அறை 26 டிகிரி, மின்விசிறி நேராகப் பூவைப் பார்த்து. நாலாம் நாள் தொட்டால் மொறுமொறுவென்று இருந்திருக்கிறது. காய்ந்துவிட்டது என்று ஜாடியில் போட்டார். காய்ந்தது தோல். உள்ளே தண்டை ஒட்டி இருந்த ஈரம் அப்படியே இருந்தது. வேகமாக வெளியே காய்ந்தால் உள்ளீரம் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். பச்சைப் பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது நாலு நாளில் ஒழுங்காகப் போகாது.

ஒரு வாரம் கழித்து நான் வந்து மூன்றாவது ஜாடியைத் திறந்தபோது அமோனியா வாடை. கழுவாத பொதுக் கழிப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள், அது. மூடிய ஜாடிக்குள் ஈரம் அதிகமாகி, பிராணவாயு தீர்ந்து, பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டதற்கான வாசனை. ஐந்தாவது ஜாடியில் வாடை இல்லை, பார்க்கவும் நன்றாகவே இருந்தது. கொழுத்த பூ ஒன்றைப் பிளந்து பார்த்தேன். நடுவில் தண்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு.

பஞ்சு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது, மாப்பிள்ளைக்கு வரவில்லை.

"அந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு மீதியை வச்சுக்கலாமா மாமா?"

"வேணாம் மாப்பிள்ளை. கண்ணுக்குத் தெரியறது அங்க, தெரியாதது ஜாடி முழுக்க."

இரண்டு ஜாடியும் குப்பைக்குப் போனது. இதில் கருமித்தனம் கூடாது. பூஞ்சையில் ஆஸ்பெர்ஜில்லஸ் இனம் இருந்தால், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு அதன் வித்துகள் நுரையீரல் வரை போய்க் கேடு செய்யும். நெருப்பு வைப்பதால் அது சுத்தமாகிவிடாது.

சரி, அந்த ஜாடிகளில் 62 பை இருந்ததே, அது என்ன செய்தது? பெட்டி மேல் பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்துவது இந்தப் பைகளைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாக.

பைக்குள் இருப்பது கெட்டியான உப்புக் கரைசல், மேலே நீராவி மட்டும் போய்வரக்கூடிய தோல். நான் சோடா மூடியில் செய்த வேலையையே இது செய்கிறது, வேறு உப்பு, வேறு எண். காற்று வறண்டால் ஈரம் விடும், ஈரம் கூடினால் இழுக்கும். தத்துவத்தில் குறையே இல்லை. குறை கணக்கில். முப்பது கிராம் பூ இருபது சதவீத ஈரத்தோடு ஜாடிக்குள் போகிறது என்று வையுங்கள். அது பதினொரு சதவீதத்துக்கு வர மூன்று கிராம் தண்ணீர் வெளியேற வேண்டும். எட்டு கிராம் பை அதைக் குடித்து முடிக்கும் என்று எதிர்பார்க்கிறோம். தப்பித்த ஜாடிகளில் ஒன்றிலிருந்து எடுத்த பையைத் தராசில் வைத்தேன். 10.1 கிராம், வயிறு உப்பி இருந்தது. புதுப் பை 8.6. அதாவது ஒன்றரைக் கிராம் குடித்திருக்கிறது, ஜாடி இன்னும் 71-ல் நிற்கிறது. இன்னொரு ஜாடியில் பை கல் மாதிரி மாறாமல் கிடந்தது. என்னடா என்று பார்த்தால் மேலுறை பிரிக்கப்படவே இல்லை. கண்ணாடித்தாள் உறையோடு போட்டிருக்கிறார். அதைப் பற்றி நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆக, பை உலர்த்தும் கருவி இல்லை. காய்ந்து முடிந்த பூவை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கும் கருவி. இதை நேர்மையாக எழுதியிருந்தால் இரண்டு ஜாடி மிச்சமாகியிருக்கும்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. ரொம்பக் காய்ந்துபோன பூவைப் பை போட்டு மீட்கலாம் என்று சொல்கிறார்கள். மீட்டர் 62-க்கு வரும், உண்மை. ஆனால் பஞ்சோடு வாழ்ந்தவனுக்குத் தெரியும்: ஒருமுறை எலும்பாகக் காய்ந்த பஞ்சை அதே ஈரக்காற்றில் வைத்தாலும், அது காயாத பஞ்சு வைத்திருந்த அளவு ஈரத்தைத் திரும்ப வாங்காது. இறங்கும் பாதை வேறு, ஏறும் பாதை வேறு. பூவும் அப்படியே. தொட்டால் மெத்தென்று ஆகும், போன வாசனை வராது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸும் எல்சோலியும் 1996-ல் வாசனை எண்ணெயை அளந்து எழுதியிருக்கிறார்கள்: பச்சையாக இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, காயவைத்து ஒரு வாரம் வைத்ததிலேயே போயிருந்தது. மூன்று மாதத்தில் பாதிக்கு மேல். ஆவியாகப் போனதை உப்புத் தண்ணீரா கொண்டுவரும்? ஆரஞ்சுத் தோல், கீரை இலை என்று ஜாடிக்குள் போடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல. பூஞ்சைக்கு விருந்து வைக்கிறார்கள்.

பைக்கு எனக்குப் பிடித்த உபயோகம் ஒன்று இருக்கிறது, பிரசுரத்தில் அதுவும் இல்லை. புதுப் பை ஒன்றைக் காலி ஜாடியில் மீட்டரோடு போட்டு மூடினால், மீட்டர் 62 காட்ட வேண்டும். உப்பு 75-ல் சோதிக்கிறது, இது நமக்கு வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே சோதிக்கிறது. 'கூட்டு 5' மீட்டர் இங்கே 'கூட்டு 4' ஆனது. அந்த அளவு போதும்.

வலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம். பூவைத் தனித்தனியாக வெட்டிப் பரப்ப வேண்டியிருப்பதால் சீக்கிரம் காய்கிறது, அந்தச் சீக்கிரம்தான் பிரச்சினையே. கீழே படும் பக்கம் தட்டையாகிவிடுகிறது. தினம் புரட்டினால் பூவின் மேல் இருக்கும் பிசின் மணிகள் வலையில் ஒட்டிக்கொள்கின்றன. புது நைலான் நாற்றம் போகவே ஒரு வாரம் ஆனது. கிளையோடு வெட்டித் தலைகீழாகக் கயிற்றில் தொங்கவிடுவதற்கு ஒரு சணல் கயிறும் நாலு கிளிப்பும் போதும். காற்றோட்டமில்லாத ஈரமான வீட்டில் பூ மெதுவாகக் காய்ந்து அழுகும் பயம் இருந்தால் மட்டும் வலை உதவலாம். கத்தரி நன்றாக இருக்கிறது. வளைந்த முனை, ஸ்பிரிங் இழுவை சரி. பிசின் ஒட்டினால் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும்.

இரண்டாவது அறுவடையை என் கையில் கொடுக்கச் சொன்னேன். மாப்பிள்ளை மறுக்கவில்லை.

ஒரே ஒரு செடி. பெரிய இலைகளை மட்டும் கிள்ளிவிட்டு, கிளை கிளையாக, ஜன்னல் மூடிய சின்ன அறையில் தொங்கவிட்டோம். 18, 19 டிகிரி. திருத்திய மீட்டரில் 58-லிருந்து 60. மின்விசிறி சுவரைப் பார்த்து, மிகக் குறைந்த வேகத்தில். காற்று அசைய வேண்டும், பூ அசையக் கூடாது. ஒரு கிளைக்கு நூல் கட்டி அடையாளம் வைத்துத் தினமும் காலை ஏழு மணிக்கு எடை போட்டேன். மகள் கேட்டாள், "இப்பவும் மில்லுலதான் இருக்கீங்களாப்பா?" முதல் நாள் 46.2 கிராம். மூன்றாம் நாள் வரை மளமளவென்று இறங்கியது, பிறகு நத்தை. பதினோராம் நாள் 10.9-ல் வந்து நின்றது. அன்று சின்னத் தண்டை வளைத்தேன், பட்டென்று ஒடிந்தது. எடையும் தண்டும் ஒரே நாளில் ஒத்துப்போனது எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை வேறு யாருக்கும் விளக்க முடியவில்லை.

ஜாடிக்கு வருவோம். இந்தப் பெட்டியில் கொடுத்த காசுக்கு நியாயம் செய்வது ஜாடிதான். கனமான கண்ணாடி, ரப்பர் வளையம் உள்ள மூடி. தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து ஒரு இரவு வைத்தேன், ஆறும் ஒரு சொட்டு விடவில்லை. வாய் அகலமாக இருப்பதால் கை நுழைகிறது, பூவைப் பிய்க்காமல் எடுக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவில் நிலைமின்சாரத்தால் பிசின் மணிகள் சுவரில் ஒட்டும், காற்றும் மெல்லக் கசியும். கண்ணாடியில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே குறை, கண்ணாடி நிறமில்லாதது. அதைப் பற்றிப் பின்னால்.

முக்கால் ஜாடி மட்டும் நிரப்பினோம். முதல் நாள் இரவு மீட்டர் 57 காட்டியது. மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. மறுநாள் மாலை 66. நடுத்தண்டில் மிச்சமிருந்த ஈரம் மெல்ல வெளியே வந்து பூ முழுக்கப் பரவுகிறது. ஜாடிக்குள் பூ வியர்ப்பது என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் போட்ட உடனே காட்டும் எண்ணை நம்பக் கூடாது, ஒரு நாள் பொறுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் திறந்து வைத்தேன். பிறகு காலை பத்து நிமிஷம், மாலை பத்து நிமிஷம். ஐந்தாம் நாள் 63. இரண்டு வாரத்தில் 61. அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை. 70-ஐத் தாண்டியிருந்தால் யோசிக்காமல் பூவை வெளியே எடுத்துப் பரப்பியிருப்பேன்.

முதல் வாரம் முழுக்க வைக்கோல் வாசனை. மாப்பிள்ளை தினமும் மூக்கை நுழைத்துவிட்டு, "வேஸ்ட்டாப் போச்சோ மாமா?" என்பார். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க மாட்டேன் என்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன். மூன்றாம் வாரம் திறந்தபோது வைக்கோல் போய், எலுமிச்சைத் தோலைக் கசக்கிய மாதிரி ஒன்று வந்தது, அதற்கு அடியில் மிளகு. நாலாம் வாரம்தான் ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு பை போட்டேன், மேலுறையைப் பிரித்து. இன்றுவரை அந்தப் பைகள் இளக்கமாகவே இருக்கின்றன. கல்லாக இறுகினால் மாற்ற வேண்டும்.

பிரசுரத்தில் ஜாடிகளை அலமாரியில் அழகாக வரிசையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை எடுத்தவரை எங்கள் லேபில் ஒரு வாரம் வேலை பார்க்க வைக்க வேண்டும். 1976-லேயே ஃபேர்பேர்ன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிவிட்டார்கள்: சேமிப்பில் கஞ்சாவின் வீரியத்தைக் கெடுப்பதில் வெளிச்சம்தான் முதல் குற்றவாளி, இருட்டில் சாதாரண வெப்பநிலையில் கவனமாக வைத்தால் ஓரிரு வருஷம் தாங்கும். அதே ராஸும் எல்சோலியும் அறை வெப்பநிலையில் வைத்த சரக்கை வருஷக்கணக்கில் அளந்ததில், போதை தரும் சத்தான டி.எச்.சி. முதல் வருஷம் சுமார் 17 சதவீதமும், நாலு வருஷத்தில் சுமார் 41 சதவீதமும் குறைந்திருந்தது. குறைவதில் ஒரு பங்கு, போதை குறைந்த சி.பி.என். என்ற பொருளாக மாறுகிறது. எத்தனை நல்ல ஜாடியும் அதை நிறுத்தாது, தாமதப்படுத்தும். ஃப்ரீசரில் வைத்தால் பிசின் மணிகள் கண்ணாடி மாதிரி உடைந்து உதிரும், எடுக்கும்போது கை படாமல் இருக்க முடியுமா?

ஆகவே எங்கள் ஜாடிகள் இரும்பு டிரங்குப் பெட்டிக்குள். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை அது. பூட்டு போட்டிருக்கிறேன். வெளிச்சத்துக்காக இல்லை, பேரனுக்கு நாலு வயசு. பெட்டிச் சாவி பரணில். குழந்தை இருக்கும் வீட்டில் இந்தத் தொகுப்பை வாங்குகிறவர்கள் முதலில் பூட்டை வாங்குங்கள். ஜாடி மூடியைக் குழந்தை திறக்க முடியாது என்று பிரசுரம் சொல்கிறது. என் பேரன் பதினோரு விநாடியில் திறந்தான், காலி ஜாடியை.

மொத்தமாக வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். ஜாடியைத் தனியாக வாங்குங்கள், மீட்டரைத் தனியாக ஒன்றிரண்டு கூடுதலாக வாங்குங்கள், பாதி பழுதாக இருக்கும். பை நாலு போதும், அதுவும் ஒரு மாதம் கழித்து. வலையை நான் இப்போது வெங்காயம் போட்டுவைக்க உபயோகிக்கிறேன், அதற்கு அருமை.

மூன்றாவது செடி போன வாரம் வெட்டி, சின்ன அறையில் தொங்குகிறது. இன்று ஆறாம் நாள். மாப்பிள்ளை நேற்றே ஜாடிகளைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டார். இன்று காலை எடை போட்ட கையோடு ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தேன். வளைந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.